மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!
செஞ்சியைத் தேடி வந்த நாடுகளின் கதை

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் பாதையில் இருக்கிறது செஞ்சி. பஸ் ஊரை நெருங்கும்போதே மலைகள் கண்ணில் படும். பெரிய பெரிய பாறைகளைக் கூடையில் அள்ளிக் கொட்டியது போல இருக்கும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் வளைத்துக் கட்டிய மதில் சுமார் 13 கிலோமீட்டர் நீளம். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. அதன் உச்சிக்குப் போகும் வழியில் ஓர் ஆழமான பிளவு உண்டு. அதன் குறுக்கே போட்ட பாலத்தை எடுத்துவிட்டால், எதிரி மேலே ஏற முடியாது. பார்ப்பவர்கள் மூக்கின்மேல் விரலை வைப்பார்கள்!

இந்த மலைகளின் மேல் எத்தனையோ கொடிகள் பறந்திருக்கின்றன. நாயக்கர் கொடி, பீஜப்பூர் சுல்தான் கொடி, மராட்டியர் கொடி, மொகலாயர் கொடி, ஆற்காட்டு நவாபு கொடி, பிரெஞ்சுக் கொடி, ஆங்கிலேயர் கொடி. சில காலம் மைசூர் ஐதர் அலியின் கொடியும் பறந்தது.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்! ஒரு நாட்டில் குற்றமானது மறு நாட்டில் குற்றம் இல்லை. ஒரு நாட்டில் கிடைத்த உரிமை மறு நாட்டில் கிடைக்கவில்லை. இந்த வித்தியாசங்களுக்கு நடுவில் வாழ்ந்தவர்கள் நம் தமிழ் மக்கள்தான்.

ராஜா வியாபாரமும் வேலைக்காரி வியாபாரமும்

16-ம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் செஞ்சியைக் கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்டு வந்தார். அப்போது பிமெண்டா என்ற போர்ச்சுகல் நாட்டுப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். ஊரைப் பார்த்ததும் அவருக்கு ஒரே ஆச்சரியம். இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களில் இதுவே பெரியது; போர்ச்சுகலில்கூட லிஸ்பன் நகரம் ஒன்றைத் தவிர இவ்வளவு பெரிய ஊர் இல்லை என்று அவர் எழுதினார்.

அவருக்கு அடுத்தபடியாக டச்சுக்காரர்கள் வந்தார்கள். டச்சுக்காரர்கள் என்றால் ஹாலந்து தேசத்தார். 1608-ம் ஆண்டில் அவர்கள் செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று, கடலூருக்குப் பக்கத்தில் உள்ள தேவனாம்பட்டினத்தில் வியாபாரம் தொடங்கினார்கள்.

போர்ச்சுகலும் ஹாலந்தும் ஐரோப்பாவில்தான் இருக்கின்றன. ஆனால் குணத்தில் நேர் எதிர்!

போர்ச்சுகலில் கடல் வியாபாரம் ராஜாவின் சொத்து. கப்பல் அனுப்புவதும் லாபம் பார்ப்பதும் அரண்மனையின் காரியம். வியாபாரத்தோடு மதத்தைப் பரப்புவதும் அவர்கள் நோக்கம்.

ஹாலந்து, ராஜா இல்லாத நாடாக இருந்தது. அங்கே 1602-ல் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பங்கு வாங்கலாம். பணக்காரர்கள் மட்டும் அல்ல, வீட்டு வேலைக்காரிகள்கூட அந்தக் கம்பெனியில் பங்கு வாங்கினார்கள்! தென்னாட்டுத் துணியை விற்று வந்த லாபம், கடல் கடந்து ஒரு வேலைக்காரியின் முந்தானை முடிச்சுக்கும் போய்ச் சேர்ந்தது.

குண்டு விழும் இடம் வரை!

1677-ம் ஆண்டில் மராட்டிய மன்னர் சிவாஜி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். பிரெஞ்சுக்காரர்கள் அப்போதுதான் புதுச்சேரியில் கால் ஊன்றி இருந்தார்கள். அவர்களின் தலைவர் பிரான்சுவா மார்ட்டின், சிவாஜிக்குத் தூது அனுப்பி, அங்கேயே தங்கி இருக்க அனுமதி வாங்கிக்கொண்டார்.

சிவாஜிக்குப் பிறகு அவருடைய மூத்த மகன் சாம்பாஜி பட்டத்துக்கு வந்தார். 1689-ல் மொகலாயச் சக்கரவர்த்தி அவுரங்கசீப் அவரைப் பிடித்துக் கொன்றார். இளைய மகன் ராஜாராம் தப்பி ஓடிவந்து செஞ்சியில் புகுந்துகொண்டார். படை நடத்த அவருக்குப் பணம் தேவைப்பட்டது.

சென்னையில் இருந்த ஆங்கிலேயர்கள் இதுதான் சமயம் என்று முன்வந்தார்கள். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-ல் விலைக்கு வாங்கினார்கள். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிகு ஏல். அமெரிக்காவில் உள்ள புகழ்பெற்ற ஏல் பல்கலைக்கழகம் இவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

நம் ஊரில் நிலத்தைக் காணி என்றும் குழி என்றும் அளப்பார்கள். ஆங்கிலேயர்கள் எப்படி அளந்தார்கள் தெரியுமா?

பீரங்கியால் அளந்தார்கள்!

கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அவ்வளவு நிலமும் கோட்டையோடு சேர்ந்தது என்பது ஒப்பந்தம். ஆங்கிலேயர்கள் சும்மா இருப்பார்களா? நெடுந்தூரம் சுடக்கூடிய பீரங்கியாகப் பார்த்து வைத்துச் சுட்டார்கள். குண்டு எட்டிய கிராமங்கள் எல்லாம் அவர்களுடையவை ஆயின. அவற்றுக்குக் "குண்டு கிராமங்கள்" என்று பெயர் வந்தது. கடலூரில் குண்டு சாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் இன்றும் இருக்கின்றன.

அந்தக் கிராமங்களில் உழுதுகொண்டிருந்த குடியானவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் நாள் மராட்டியர் பிரஜை. பீரங்கி வெடித்த பிறகு ஆங்கிலேயர் பிரஜை!

ஏழு வருஷமும் ஓர் இரவும்

ராஜாராமைப் பிடிக்க அவுரங்கசீப் பெரும் படை அனுப்பினார். தளபதி சுல்பிகர் கான். 1690-ல் அவர் செஞ்சிக்கு வந்து முற்றுகை போட்டார்.

மொகலாயர் படை என்றால் அது ஒரு நடமாடும் பட்டணம். யானை, குதிரை, ஒட்டகம், கூடாரம், கடைவீதி எல்லாம் கூடவே வரும். அவர்களுக்கு அவசரம் என்பதே கிடையாது. ஒரு பக்கம் சண்டை நடக்கும். மறு பக்கம் சமாதானப் பேச்சும் நடக்கும். சுல்பிகர் கான் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு எழுந்தது.

கோட்டை விழுந்தது 1698-ல்தான். ஏழு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது! அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார்.

1750-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் இதே கோட்டைக்குப் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தார். புதுச்சேரி கவர்னர் டூப்ளே அனுப்பிய படை அது. அப்போது கோட்டையில் இருந்தது முகமது அலியின் படை. ஆற்காட்டு நவாபு பட்டம் தமக்கே உரியது என்று போராடியவர் அவர்.

பிரெஞ்சுப் படை சிறிது. ஆனால் பயிற்சி பெற்றது. வெடி வைத்து வாசல் கதவைத் தகர்த்தார்கள். இருட்டிலேயே மலைகளின் மேல் ஏறினார்கள். பொழுது விடிந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது!

மொகலாயருக்கு ஏழு வருஷம் பிடித்தது. பிரெஞ்சுக்காரருக்கு ஓர் இரவு போதுமானதாக இருந்தது. மலையும் அதேதான், மதிலும் அதேதான். வந்தவர்களின் முறைதான் வேறு.

பத்து மாத ராஜா

இந்த இரண்டு வெற்றிகளுக்கும் நடுவில் ஒரு தோல்வி நடந்தது. அதைத்தான் தமிழ்நாடு மறக்கவில்லை.

மொகலாயர்கள் செஞ்சியைக் காக்க சொரூப் சிங் என்ற ராஜபுத்திரரை நியமித்தார்கள். அவர் வட இந்தியாவில் உள்ள பந்தேல்கண்டைச் சேர்ந்தவர். அவருடைய மகன்தான் ராஜா தேசிங்கு.

1714-ல் தந்தை இறந்ததும் தேசிங்கு கோட்டையை ஏற்றார். கப்பம் கேட்ட ஆற்காட்டு நவாபுக்கு அவர் பணியவில்லை. நவாபு பெரும் படையோடு வந்தார். அதே வருஷம் நடந்த சண்டையில் தேசிங்கு மாண்டார். அவருக்கு வயது 22. ஆண்டது பத்து மாதம்.

அவரோடு சேர்ந்து போரிட்டு உயிர் விட்ட நண்பன் முகமத்கான் என்று கதைப்பாடல் சொல்கிறது. நண்பர்கள் இருவரில் ஒருவர் இந்து; ஒருவர் முஸ்லிம். ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுத்தார்கள்.

ஏழு வருஷம் முற்றுகை போட்டு ஜெயித்த சுல்பிகர் கானின் பெயர் செஞ்சியில் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்து மாதம் ஆண்டு தோற்ற தேசிங்கின் பெயர் சிறு பிள்ளைக்கும் தெரியும். வேறு நாட்டிலிருந்து வந்தவரையும் நம் மக்கள் தங்கள் பிள்ளையாக்கிப் பாடினார்கள்.

யாரையும் விடாத காய்ச்சல்

பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியை ஓர் இரவில் பிடித்துவிட்டார்கள். ஆனால் அங்கே வாழ்வது அவ்வளவு சுலபமாக இல்லை. விஷக் காய்ச்சல் அவர்களை வாட்டியது.

கோட்டையில் ஒரு சமயத்தில் 100 வெள்ளைக்காரர்களுக்கு மேல் இருந்தது இல்லை. ஆனாலும் பத்து வருஷத்தில் 1,200 பேர் மாண்டார்கள் என்று சொல்லப்பட்டதாக, அந்தக் காலத்துச் சரித்திர ஆசிரியர் ஓர்ம் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கூட்டம் சாகச் சாக, பிரெஞ்சுக்காரர்கள் இன்னொரு கூட்டத்தை அனுப்பினார்கள். கடல் கடந்து வந்த வாலிபர்கள் ஒரு பீரங்கிச் சத்தம்கூடக் கேட்காமலே மண்ணுக்குள் போனார்கள்.

1761 ஜனவரி மாதம் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அடுத்து ஸ்டீபன் ஸ்மித் என்ற ஆங்கிலத் தளபதி செஞ்சியை முற்றுகை போட்டார். கோட்டைக்குள் பிரெஞ்சுப் படைக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? மக்கிரெகர் என்ற ஸ்காட்லாந்துக்காரர்!

"லட்சம் பேரைக் கொண்டுவந்தாலும் மூன்று வருஷத்தில் இந்தக் கோட்டையைப் பிடிக்க முடியாது" என்ற பொருளில் அவர் பதில் அனுப்பினார். ஆனால் புதுச்சேரி போன பிறகு உதவிக்கு வர யாரும் இல்லை. காய்ச்சல் இரு பக்கமும் தின்றது. ஆங்கிலேயர் படையில் இருந்த இந்தியச் சிப்பாய்களும் நூற்றுக்கணக்கில் மடிந்தார்கள். ஏப்ரல் மாதம் மக்கிரெகர் சரண் அடைந்தார்.

ஆங்கிலேயன், பிரெஞ்சுக்காரன், தமிழ்ச் சிப்பாய் என்று காய்ச்சல் வித்தியாசம் பார்க்கவில்லை.

புதுச்சேரியை இழந்த பிரெஞ்சுத் தளபதி லாலியின் கதி இன்னும் மோசம். அவர் அயர்லாந்து வம்சத்தைச் சேர்ந்தவர். பிரான்ஸ் தேசம் அவர்மேல் துரோகக் குற்றம் சாட்டி, 1766-ல் பாரிஸ் நகரில் தலையை வெட்டியது.

இரண்டு நாடு; ஒரே ஜனம்

அதன் பிறகு செஞ்சி ஆங்கிலேயர் பக்கம் போயிற்று. 1780-ல் ஐதர் அலி பிடித்தார். சில வருஷங்களில் அது மறுபடியும் ஆங்கிலேயருக்கே வந்தது. புதுச்சேரியோ சமாதான உடன்படிக்கைகளின்படி பிரெஞ்சுக்காரர் கைக்கே திரும்பியது.

செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் சுமார் 70 கிலோமீட்டர்தான். பேசுவது ஒரே தமிழ். உண்பது ஒரே சோறு. பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். ஆனால் நடுவில் ஒரு கோடு விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் பிரான்ஸ். இந்தப் பக்கம் இங்கிலாந்து!

இரண்டு நாடுகளுக்கும் நடுவில் ஒரு சின்னக் கடல்தான். பழக்கவழக்கமோ தலைகீழ். இங்கிலாந்தில் வண்டிகள் சாலையின் இடது பக்கம் போகும். பிரான்சில் வலது பக்கம் போகும். இங்கிலாந்தில் மைல், பவுண்டு, அங்குலம். பிரான்சில் கிலோமீட்டர், கிலோ, மீட்டர். பிரான்ஸ் தேசத்தார் 1793-ல் தங்கள் ராஜாவின் தலையை வெட்டினார்கள். பிறகு பல மாறுதல்களுக்குப் பின் குடியரசாக நிலைத்தார்கள். இங்கிலாந்தில் இன்றைக்கும் ராஜா இருக்கிறார்.

சட்டமும் வேறு. பிரான்சில் 1804-ல் நெப்போலியன் காலத்தில் சிவில் சட்டம் முழுவதையும் ஒரே புத்தகமாகத் தொகுத்தார்கள். இங்கிலாந்தில் முன்பு நீதிபதிகள் சொன்ன தீர்ப்புகளே பின்னால் வழிகாட்டி.

இது நம் குடும்பங்களையும் தொட்டது. 1881-ல் புதுச்சேரியில் ஓர் உத்தரவு வந்தது. சாதி வழக்கத்தையும் பழைய குடும்பச் சட்டத்தையும் விட்டுவிடுகிறோம் என்று எழுதிக் கொடுத்தால், பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படி வருபவர்கள் பரம்பரையாக வரும் குடும்பப் பெயர் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். பலர் எழுதிக் கொடுத்தார்கள். செஞ்சிப் பக்கத்தில் தகப்பன் பெயரின் முதல் எழுத்தே போதும். புதுச்சேரியில் பாட்டனுக்கும் பேரனுக்கும் ஒரே குடும்பப் பெயர்!

இங்கே குற்றம், அங்கே இல்லை

1908-ம் ஆண்டு. சென்னையில் "இந்தியா" பத்திரிகைமேல் ஆங்கிலேய அரசு பாய்ந்தது. மகாகவி பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

கோட்டைத் தாண்டியதும் ஆங்கிலேயரின் வாரண்டு செல்லாத காகிதம்! ஒற்றர்கள் சுற்றித் திரிந்தார்கள்; பாரதியாரைத் தொட முடியவில்லை. "இந்தியா" பத்திரிகை புதுச்சேரியில் அச்சாயிற்று. அது தங்கள் எல்லைக்குள் வரக்கூடாது என்று ஆங்கிலேயர்கள் தடுத்தார்கள்.

பத்து வருஷம் பாரதியார் அங்கே இருந்தார். கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் அங்கே பிறந்தவைதான். 1910-ல் அரவிந்தரும், அதே வருஷம் வ.வே.சு. ஐயரும் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

1918 நவம்பரில் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். கடலூர் பக்கத்தில் ஆங்கிலேயர் எல்லையில் கால் வைத்ததும் போலீசார் அவரைக் கைது செய்தார்கள். காலையில் இருந்த அதே மனிதர்தான். ஒரு கோட்டைத் தாண்டியதால் கைதி ஆனார்!

ஓட்டு முந்தியது, விடுதலை பிந்தியது

அப்படியானால் பிரெஞ்சு ஆட்சிதான் நல்லதா? அவசரப்பட்டு முடிவு கட்டிவிடக் கூடாது.

1871-லிருந்து புதுச்சேரி ஆண்கள் ஓட்டுப் போட்டுப் பாரிஸ் பார்லிமெண்டுக்கு ஓர் உறுப்பினரை அனுப்பினார்கள். செஞ்சியிலிருந்து லண்டன் பார்லிமெண்டுக்கு யாரும் போனது இல்லை. 1920-ல் சென்னை மாகாணத்தில் நடந்த தேர்தலில்கூட, சொத்தும் வரியும் உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. வயது வந்த ஆணும் பெண்ணும் எல்லோரும் செஞ்சியில் ஓட்டுப் போட்டது 1952 பொதுத் தேர்தலில்தான்.

ஓட்டில் புதுச்சேரி முந்திக்கொண்டது. ஆனால் அங்கே ஓட்டுப் பெட்டியில் மோசடியும் அடிதடியும் மலிந்திருந்தன. ஒரே ஓர் உறுப்பினர் பாரிசில் உட்கார்ந்து என்ன செய்ய முடியும்? கவர்னர் பிரான்சிலிருந்துதான் வந்தார்.

1947 ஆகஸ்டு 15 வந்தது. செஞ்சியில் மூவர்ணக் கொடி ஏறியது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கவில்லை! சுதந்திர தேசத்துக்கு நடுவில் அந்நியர் கொடி இன்னும் ஏழு வருஷம் பறந்தது. எல்லையில் சுங்கச் சாவடிகள் இருந்தன. போராடியவர்கள் அடிபட்டார்கள், சிறை சென்றார்கள்.

1954 அக்டோபர் 18-ந் தேதி கீழூர் என்ற சிற்றூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் 178 பேர். இந்தியாவோடு சேர வேண்டும் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் 1-ந் தேதி ஆட்சி கை மாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16-ந் தேதி முடிந்தது.

ஓட்டு அங்கே முந்தியது. விடுதலை இங்கே முந்தியது. இரண்டையும் சேர்த்து அனுபவிக்க, அந்தக் கோடு அழிய வேண்டி இருந்தது.

கோடு அழிந்தாலும் தடம் இருக்கிறது. புதுச்சேரியில் போலீஸ்காரர்கள் இன்றும் சிவப்புத் தொப்பி அணிகிறார்கள். பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருந்துவிட்ட தமிழ்க் குடும்பங்கள் அங்கே உண்டு. பிரான்ஸ் நாட்டு ஜனாதிபதி தேர்தல் வந்தால் அவர்கள் புதுச்சேரியில் இருந்தபடியே ஓட்டுப் போடுகிறார்கள். செஞ்சியோ மைலையும் பவுண்டையும் மறந்துவிட்டுக் கிலோமீட்டர், கிலோவுக்கு வந்துவிட்டது. ஆனால் வண்டி மட்டும் இடது பக்கமே போகிறது!

எல்லோருக்கும் ஒரே தண்ணீர்

செஞ்சிக் கோட்டைக்குள் இரண்டு குளங்கள் இருக்கின்றன. ஒன்று செட்டிக்குளம், மற்றது சக்கரக்குளம். மலை மேலேயும் சுனைகள் உண்டு. கல்யாண மகாலுக்கு மண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நெல் கொட்டி வைக்க மாடி உயரத்துக்குக் களஞ்சியங்கள் கட்டினார்கள்.

நாயக்கரும் இந்தத் தண்ணீரைத்தான் குடித்தார். மராட்டியரும் மொகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் இதைத்தான் குடித்தார்கள். சட்டம் வேறு, சாமி வேறு, சாலையில் போகும் பக்கம் வேறு. தாகம் மட்டும் ஒன்றாகவே இருந்தது.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம் உலகப் பாரம்பரியச் சின்னங்களைத் தேர்ந்தெடுக்கும் யுனெஸ்கோ கூட்டம் நடந்தது. மராட்டியர் கோட்டைகள் 12, அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 11 கோட்டைகள் மகாராஷ்டிராவில் உள்ளவை. மீதி ஒன்று நம் செஞ்சி!

பல நாட்டுப் பிரதிநிதிகள் சேர்ந்து அந்த முடிவை எடுத்தார்கள். ஒரு காலத்தில் செஞ்சியை ஓர் இரவில் பிடித்த பிரான்சின் தலைநகரான பாரிசில்தான் அந்தக் கூட்டம் கூடியது. இந்தத் தடவை வெடி வைக்கவும் இல்லை. வாசல் கதவைத் தகர்க்கவும் இல்லை.